துப்பாக்கியும் ஐ.நா. கோப்பும்: கிழக்குத் திமோரின் 24 ஆண்டுகள்

விடுதலைப் போராட்டங்களைப் பற்றி நம்மவர்கள் பேசும் இடங்களில், குறிப்பாக ஈழத்தைப் பற்றிய பேச்சில், கிழக்குத் திமோரின் பெயர் வராமல் இருக்காது. "ஐ.நா. வாக்கெடுப்பு நடத்தியது, விடுதலை கிடைத்தது" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். 1999 ஆகஸ்ட் 30 அன்று அந்த வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன்னால் இந்தோனேசிய ஆக்கிரமிப்பின் 24 ஆண்டுகள் இருக்கின்றன. அந்த ஆண்டுகளில் பெரும்பாலான நேரம் திமோர் மக்கள் தோற்றுக்கொண்டேதான் இருந்தார்கள். மலைக்காட்டிலும் தோற்றார்கள், நியூயார்க்கிலும் தோற்றார்கள். ஆனால் இரண்டு இடத்தையும் விட்டு அவர்கள் வெளியேறவே இல்லை. மலையில் சில நூறு பேர் கையில் துப்பாக்கி இருந்தவரை ஐ.நா.வில் திமோர்க் கோப்பை மூட முடியவில்லை. கோப்பு மூடப்படாததால் மலையில் இருந்தவர்களும் நம்பிக்கையை விடவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பிணைப்பைப் பற்றியது.

பாதித் தீவு

திமோர் தீவு இந்தோனேசியத் தீவுக்கூட்டத்தின் கிழக்கே, ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்துக்கு வடமேற்கே இருக்கிறது. சந்தன மரத்துக்காக வந்த போர்த்துகீசியரும் டச்சுக்காரர்களும் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 1859-ல் ஒப்பந்தம், 1914-ல் நடுவர் தீர்ப்பு என்று எல்லைக்கோடு முடிவானது. டச்சுக்காரர்களின் மேற்குப் பாதி பின்னாளில் இந்தோனேசியாவானது. கிழக்குப் பாதி போர்த்துக்கலிடமே இருந்தது. போர்த்துக்கல் அங்கே பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. பள்ளிக்கூடம் குறைவு, சாலை குறைவு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பிடியில் சிக்கி பல்லாயிரம் பேர் செத்தபோதும் உலகம் திரும்பிப் பார்க்கவில்லை.

1974 ஏப்ரல் 25-ல் லிஸ்பனில் ராணுவ அதிகாரிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். காலனிகளை விட்டுவிடுவது என்று புதிய அரசு முடிவெடுத்தது. அடுத்த மாதத்திலேயே திமோரில் மூன்று கட்சிகள் முளைத்தன. போர்த்துக்கலோடு உறவை விடாமல் படிப்படியாகப் போகலாம் என்றது யூ.டி.டி. முழு விடுதலை என்றது, பிறகு ஃபிரெட்டிலின் என்று பெயர் மாறிய கட்சி. இந்தோனேசியாவோடு சேரலாம் என்ற சிறிய கட்சி அப்போடெட்டி.

அந்த ஆண்டு ஜூனில் இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர் ஆதம் மாலிக், தம்மைப் பார்க்க வந்த ஒரு திமோர் இளைஞரிடம் கடிதமே எழுதிக் கொடுத்தார். எந்த மக்களுக்கும் விடுதலை உரிமை உண்டு, திமோர் மக்களும் அதற்கு விலக்கில்லை என்று அதில் இருந்தது. அந்த இளைஞர் ஜோசே ரமோஸ் ஹோர்ட்டா. அப்போது அவருக்கு வயது 24.

பிறகு நடந்ததைச் சொல்லும்போது திமோர் தலைவர்களின் பங்கையும் மறைக்கக் கூடாது. 1975 ஆகஸ்டில் யூ.டி.டி. ஆட்சியைப் பிடிக்க முயன்றது. ஃபிரெட்டிலின் திருப்பி அடித்தது. சில வாரச் சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இரு தரப்புமே கைதிகளைக் கொன்றன. போர்த்துகீசிய ஆளுநர் தலைநகர் டிலிக்கு எதிரே இருந்த அட்டாவுரோ தீவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். ஜகார்த்தாவில் இருந்த தளபதிகளுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

அக்டோபர் 16 அன்று எல்லையோர பாலிபோவில், ஆஸ்திரேலியத் தொலைக்காட்சிகளுக்காக வேலை செய்த ஐந்து செய்தியாளர்களை இந்தோனேசியப் படையினர் கொன்றார்கள். நவம்பர் 28-ல் ஃபிரெட்டிலின் அவசரமாக விடுதலையை அறிவித்தது. டிசம்பர் 6-ல் அமெரிக்க அதிபர் ஃபோர்டும் வெளியுறவுச் செயலர் கிஸ்ஸிஞ்சரும் ஜகார்த்தாவில் இந்தோனேசிய அதிபர் சுகார்த்தோவைச் சந்தித்தார்கள். திமோரில் இறங்கப் போவதாக அவர் சொன்னதற்கு அவர்கள் தலையாட்டியது பின்னாளில் வெளியான அமெரிக்க ஆவணங்களிலேயே இருக்கிறது. சைகோன் வீழ்ந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஆசியாவில் இன்னொரு கியூபா வந்துவிடும் என்ற பயம் வாஷிங்டனைப் பிடித்து ஆட்டியது. மறுநாள், டிசம்பர் 7, டிலி நகரத்தின் மேல் பாராசூட் வீரர்கள் குதித்தார்கள்.

மலைக்குப் போனவர்கள்

ஃபிரெட்டிலினின் படைக்கு ஃபாலிந்தில் என்று பெயர். அதன் முதுகெலும்பு, போர்த்துகீசிய ராணுவத்தில் பயிற்சி பெற்ற திமோர் சிப்பாய்கள்; ஆயுதமும் அந்த ராணுவம் விட்டுப்போனதுதான். இதில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அல்ஜீரியப் போராளிகளுக்குத் துனிசியா இருந்தது. வியட்நாமுக்குச் சீனா இருந்தது. திமோருக்கு எல்லைக்கு அந்தப்பக்கம் எதிரி, மற்ற மூன்று பக்கமும் கடல். 24 ஆண்டுகளில் வெளியிலிருந்து ஆயுத உதவி என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. தோட்டா தீர்ந்தால் எதிரியிடமிருந்து பிடுங்கினால்தான் உண்டு.

முதல் மூன்று ஆண்டுகள் லட்சக்கணக்கான மக்கள் போராளிகளோடு மலைகளில் இருந்தார்கள். அங்கேயே பயிரிட்டார்கள், எழுத்தறிவு வகுப்பு நடத்தினார்கள். அமெரிக்காவில் செய்த ஓவி-10 விமானங்கள் வந்த பிறகு நிலைமை தலைகீழானது. வயல்கள் மேல் குண்டு விழுந்தது. 1978 நவம்பரில் மாத்தேபியான் மலை வீழ்ந்தது. இறங்கி வந்தவர்களை முகாம்களில் அடைத்தார்கள். முகாமுக்கு வெளியே போய்ப் பயிரிட அனுமதி கிடையாது. மக்கள் கூட்டம் கூட்டமாகப் பட்டினியில் செத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு அமைந்த உண்மை ஆணையத்தின் கணக்குப்படி 1974 முதல் 1999 வரை இந்த மோதலால் இறந்தவர்கள் குறைந்தது 1,02,800 பேர். இதில் நேரடியாகக் கொல்லப்பட்டோரும் காணாமல் போனோரும் சுமார் 18,600 பேர். மீதி 84,200 பேர் பசியாலும் நோயாலும் செத்தவர்கள். 1975-ல் அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகையே ஏழு லட்சத்தைத் தொடவில்லை.

மலைக்குள்ளும் பிளவு இருந்தது. பொதுமக்களைச் சரணடைய விடலாம் என்று எண்ணிய தங்கள் சொந்தக் குடியரசுத் தலைவர் சேவியர் டோ அமரலையே 1977-ல் ஃபிரெட்டிலின் கைது செய்தது. கருத்து மாறுபட்டவர்கள் சிலர் கொல்லப்பட்டார்கள். அமரலுக்குப் பின் தலைமையேற்ற நிக்கோலா லோபாட்டோ 1978 டிசம்பர் 31 அன்று சண்டையில் இறந்தார். டார்வினுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த வானொலியும் அதே சமயத்தில் ஓய்ந்துபோனது. தலைமைக் குழுவில் உயிரோடு மிஞ்சியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர்களில் ஒருவர் ஷனானா குஸ்மாவ். அவர் பெரும்பாலும் நடந்தே ஊர் ஊராகப் போய், யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று தேடினார். 1981-ல் சிதறியவர்களைக் கூட்டி மறுபடியும் ஒரு அமைப்பைக் கட்டினார்கள். அதே ஆண்டில் இந்தோனேசிய ராணுவம் பல்லாயிரம் ஊர்மக்களைக் கைகோத்து வரிசையாக நடக்கவிட்டு, தீவையே சல்லடை போட்டது. "கால் வேலி" என்று அதற்குப் பெயர். அண்ணன் தம்பிகளையே காட்டிக்கொடுக்கும் வேலியாக மக்களை ஆக்கப் பார்த்தார்கள். அதிலும் போராளிகள் முழுக்க அகப்படவில்லை. இருட்டில் ஒதுங்கி வழிவிட்ட ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

நியூயார்க்கில் ஒரு நாற்காலி

படையெடுப்புக்கு மூன்று நாள் முன்னால்தான் ரமோஸ் ஹோர்ட்டா டிலியிலிருந்து கிளம்பியிருந்தார். டிசம்பரிலேயே பாதுகாப்பு அவையில் பேசினார். டிசம்பர் 22-ல் 384-ஆம் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: இந்தோனேசியா படையை விலக்க வேண்டும், திமோர் மக்களுக்குத் தன்னுரிமை உண்டு. படை விலகவில்லை. அடுத்த ஏப்ரலில் இன்னொரு தீர்மானம் வந்தது. அதுவும் அப்படியே போனது. அப்போது ஐ.நா.வில் அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிகன், ஐ.நா. இந்த விஷயத்தில் எதையும் சாதிக்காமல் பார்த்துக்கொள்வதே தமக்கு இடப்பட்ட வேலை என்று பின்னாளில் தாமே எழுதினார். அதை நன்றாகவே செய்தாராம். 1976 ஜூலையில் சுகார்த்தோ கிழக்குத் திமோரைத் தன் 27-ஆவது மாகாணமாக இணைத்துக்கொண்டார்.

ஐ.நா. பொதுச்சபையில் திமோரின் தன்னுரிமையை வலியுறுத்தும் தீர்மானத்தின் மேல் ஆண்டுதோறும் வாக்கெடுப்பு நடந்தது. 1975-ல் ஆதரவு 72, எதிர்ப்பு 10. எதிர்த்த பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று என்பதை நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். காலனியத்தை எதிர்த்து வந்த நாடுகள் எல்லாம் இன்னொரு காலனியத்துக்கு எதிராக நிற்கும் என்று நம்பியது திமோர்க்காரர்களின் முதல் ஏமாற்றம். அவர்களோடு கடைசிவரை நின்றவை போர்த்துக்கலிடமிருந்தே விடுபட்ட ஏழை ஆப்பிரிக்க நாடுகள். மொசாம்பிக், தானே உள்நாட்டுப் போரில் சீரழிந்துகொண்டிருந்தபோதும் ஃபிரெட்டிலினின் வெளிநாட்டுக் குழுவைத் தன் தலைநகரில் வைத்துக் காப்பாற்றியது.

ஆண்டுக்கு ஆண்டு ஆதரவு கரைந்தது. 1982-ல் 50க்கு 46. நான்கே வாக்கு வித்தியாசம். அடுத்த முறை நிச்சயம் தோல்வி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அந்த 1982 தீர்மானத்தில் ஒரு வழி இருந்தது. சம்பந்தப்பட்ட தரப்புகளோடு ஐ.நா. பொதுச்செயலர் கலந்துபேசித் தீர்வு காணட்டும் என்று அது சொன்னது. பேச்சு நடக்கும்போது வாக்கெடுப்பு எதற்கு என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் விஷயத்தைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள். உதவாத ஏற்பாடு என்றுதான் அன்றைக்குப் பலர் நினைத்திருப்பார்கள். தோற்கப்போகும் வாக்கெடுப்பிலிருந்து தப்பித்த அந்தத் தந்திரம்தான் 17 ஆண்டுகள் கழித்து வாக்குப்பெட்டியாக வந்து நின்றது.

இன்னொரு சட்ட நுணுக்கம். ஐ.நா. பதிவேட்டில் கிழக்குத் திமோர் "தன்னாட்சி பெறாத பகுதி"யாகவே நீடித்தது. அதன் நிர்வாகப் பொறுப்பு போர்த்துக்கலுடையது என்றும் இருந்தது. போட்டது போட்டபடி ஓடிப்போன பழைய எஜமானன் பெயரில் பத்திரம் இருந்ததால், புதிதாக ஆக்கிரமித்தவனுக்குப் பட்டா கிடைக்கவில்லை என்று நம் ஊர்ப் பாணியில் சொல்லலாம். 1986-ல் போர்த்துக்கல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது அந்தப் பத்திரத்துக்குத் திடீரென்று மதிப்பு கூடியது.

ஆஸ்திரேலியா வேறு கணக்குப் போட்டது. திமோர்க் கடலுக்கு அடியில் எண்ணெய், எரிவாயு. 1979-ல் இணைப்பை முழுமையாக அங்கீகரித்தது. 1989 டிசம்பரில் ஆஸ்திரேலிய, இந்தோனேசிய வெளியுறவு அமைச்சர்கள் இருவரும் அதே கடலுக்கு மேல் பறந்த விமானத்தில் ஷாம்பெய்ன் கோப்பையோடு பங்கீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். போர்த்துக்கல் ஆஸ்திரேலியா மீது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 1995 தீர்ப்பில், இந்தோனேசியா இல்லாமல் இதில் முடிவு சொல்ல முடியாது என்று நீதிமன்றம் கைவிரித்தது. ஆனால் திமோர் மக்களின் தன்னுரிமை எல்லா நாடுகளும் மதிக்க வேண்டிய உரிமை என்று அதே தீர்ப்பில் எழுதி வைத்தது. வழக்கு தோற்றது, வாதம் நின்றது.

நடுவில் இருந்தவர்கள்

மலைக்கும் நியூயார்க்குக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு அணி இருந்தது. ரகசிய அணி. அதில் கடிதம் சுமப்பவர்களை எஸ்தாஃபெட்டா என்பார்கள். கூடை சுமக்கும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், இந்தோனேசிய அரசு அலுவலகத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டே போராளிகளுக்கு அரிசி அனுப்பிய குமாஸ்தாக்கள். வீட்டுத் தரைக்கு அடியில் ஆள் ஒளியும் குழி வெட்டி வைத்திருந்தார்கள். இந்தப் போராட்டத்தில் எனக்கு மிகப் பெரியவர்களாகத் தெரிவது இவர்கள்தான். மலையில் இருப்பவனுக்குத் துப்பாக்கியாவது துணை. இவர்கள் தினமும் ராணுவத்தின் முகத்தில் விழித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

இதற்கெல்லாம் இடம் கொடுத்த அரசியல் மாற்றம் 1987-ல் வந்தது. ஷனானா ஃபிரெட்டிலினை விட்டு விலகி, ஃபாலிந்தில் இனி எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை, நாட்டுக்குச் சொந்தம் என்று அறிவித்தார். கட்சியின் மார்க்சிய முழக்கங்களையும் ஒதுக்கினார். தோழர்கள் சிலர் இதைத் துரோகம் என்றார்கள். ஆனால் 1975-ல் தங்களை எதிர்த்துச் சுட்ட யூ.டி.டி.காரர்களும், கம்யூனிஸ்ட் என்றாலே முகம் சுளித்த பாதிரியார்களும் ஒரே குடைக்குள் வர அது வழி செய்தது. என்னைக் கேட்டால், இந்தப் போராட்டத்தின் மிக முக்கியமான முடிவு இதுதான்.

திருச்சபையும் மாறியிருந்தது. 1975-ல் மக்களில் மூன்றில் ஒரு பங்கு பேர்தான் கத்தோலிக்கர். 90களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். தேத்தும் என்ற உள்ளூர் மொழி பூசை மொழியானது. கோயில் மட்டுமே ராணுவம் நுழையத் தயங்கிய இடம். 1989-ல் ஆயர் பெலோ, ஒரு மக்களினமாகவும் சாகிறோம், ஒரு தேசமாகவும் சாகிறோம் என்ற பொருளில் ஐ.நா. பொதுச்செயலருக்குக் கடிதம் எழுதி வாக்கெடுப்பு கேட்டார். 1996-ல் அவருக்கும் ரமோஸ் ஹோர்ட்டாவுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. சிறுவர்களிடம் அத்துமீறினார் என்ற புகார்களால் பெலோ மீது கட்டுப்பாடுகள் விதித்திருப்பதை 2022-ல் வத்திக்கான் உறுதிசெய்தது. அவர் செய்த பணியைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

1991 நவம்பர் 12. கொல்லப்பட்ட செபஸ்தியாவ் கோமஸ் என்ற இளைஞரின் நினைவுப் பூசை முடிந்து, டிலியின் சாந்தா குரூஸ் கல்லறைக்கு ஊர்வலம் போனது. சட்டைக்குள் மறைத்து வைத்திருந்த பதாகைகளை வழியில் விரித்தார்கள். கல்லறை வாசலில் ராணுவம் சுட ஆரம்பித்தது. இறந்தவர்கள் 250 பேருக்கு மேல் என்று திமோர் தரப்பு எடுத்த பட்டியல் சொல்கிறது. இதற்கு முன்பும் இதைவிடப் பெரிய படுகொலைகள் நடந்ததுண்டு. 1983-ல் கிராராஸ் கிராமத்தின் ஆண்களை ஏறக்குறைய துடைத்தே எடுத்தார்கள். வெளியே ஒரு படம்கூட வரவில்லை. சாந்தா குரூஸில் மேக்ஸ் ஸ்டால் என்ற ஒளிப்பதிவாளர் இருந்தார். பிடிபடுவதற்கு முன் கேசட்டுகளை ஒரு கல்லறை மண்ணில் புதைத்துவிட்டு, இரவில் திரும்பி வந்து தோண்டி எடுத்தார்.

அந்தக் காட்சிகளில், கல்லறைச் சிற்றாலயத்துக்குள் ஒடுங்கிக் கிடந்த இளைஞர்கள் போர்த்துகீசிய மொழியில் செபம் சொல்கிறார்கள். லிஸ்பனில் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தங்கள் பாட்டி சொல்லும் அதே செபம். போர்த்துக்கல் கொதித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் அடுத்த ஆண்டு இந்தோனேசியாவுக்கான ராணுவப் பயிற்சி நிதியில் கைவைத்தது.

1992 நவம்பரில் ஷனானா டிலியில் ஒரு வீட்டு மறைவிடத்தில் பிடிபட்டார். ஆயுள் தண்டனை, பிறகு 20 ஆண்டாகக் குறைந்தது. ஜகார்த்தாவின் சிப்பினாங் சிறையிலிருந்து அவர் மலைக்கும் வெளிநாட்டுக்கும் கடிதம் அனுப்பிக்கொண்டே இருந்தார். அங்கே சுகார்த்தோவை எதிர்த்த இந்தோனேசியக் கைதிகளும் இருந்தார்கள். இந்தோனேசியப் பல்கலைக்கழகங்களில் படித்த திமோர் மாணவர்கள், அந்நாட்டு ஜனநாயகப் போராளிகளோடு கைகோத்தார்கள். 1994-ல் கிளின்டன் உச்சி மாநாட்டுக்கு வந்த நேரம் பார்த்து, 29 திமோர் இளைஞர்கள் ஜகார்த்தாவின் அமெரிக்கத் தூதரக வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே உட்கார்ந்தார்கள். எதிரியின் தலைநகரத்தையே போர்முனையாக்கிவிட்டார்கள்.

கையைக் கட்டிக்கொண்டு நின்ற படை

1997-ல் ஆசியப் பொருளாதார நெருக்கடி. 1998 மே 21-ல் சுகார்த்தோ பதவி விலகினார். புதிய அதிபர் ஹபீபி 1999 ஜனவரியில், திமோருக்குச் சிறப்புத் தன்னாட்சி தருகிறோம், வேண்டாம் என்றால் பிரிந்து போகட்டும் என்றார். 1982-ல் தொடங்கிய அந்தப் பேச்சுவார்த்தை மேசை தயாராகக் காத்திருந்தது. மே 5 அன்று இந்தோனேசியா, போர்த்துக்கல், ஐ.நா. மூன்றும் நியூயார்க்கில் கையெழுத்துப் போட்டன. அந்த ஒப்பந்தத்தில் பெரிய ஓட்டை, வாக்கெடுப்புக்கான பாதுகாப்புப் பொறுப்பு இந்தோனேசியாவிடமே விடப்பட்டதுதான். அதற்கு முன்பே ராணுவம் வளர்த்த ஆயுதக் குழுக்கள் ஏப்ரலில் லிக்கிசா தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தவர்களை வெட்டிக் கொன்றிருந்தன.

அப்படியும் மக்கள் வந்தார்கள். பதிவு செய்த 4,51,792 பேரில் 98.6 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். செப்டம்பர் 4-ல் முடிவு: 78.5 சதவீதம் பேர் தன்னாட்சி வேண்டாம் என்றார்கள், அதாவது விடுதலை. அடுத்த சில நாட்களில் நாடு எரிந்தது. சுமார் 1,400 பேர் கொல்லப்பட்டார்கள். இரண்டரை லட்சம் பேர் மேற்குத் திமோருக்குத் துரத்தப்பட்டார்கள். கட்டடங்களில் பெரும்பகுதி சாம்பல்.

இந்த நேரத்தில் ஃபாலிந்தில் வீரர்கள் எங்கே இருந்தார்கள்? ஒப்புக்கொண்டபடி ஆயுதத்தோடு முகாம்களில் அடங்கியிருந்தார்கள். கீழே ஊர் எரியும் புகை மலையில் தெரிந்தது. சொந்தக் குடும்பம் எரியும் வீட்டுக்குள் இருக்கலாம். இறங்க அனுமதி கேட்டுத் துடித்தார்கள். ஷனானாவின் கட்டளை ஒன்றே: நகரக் கூடாது. அவர்கள் இறங்கிச் சுட்டிருந்தால், இது இரு தரப்பு உள்நாட்டுச் சண்டை, நாங்கள் அமைதி காக்கிறோம் என்று இந்தோனேசிய ராணுவம் உலகத்திடம் சொல்லியிருக்கும். அதற்காகவே அந்த நெருப்பு மூட்டப்பட்டது என்றுகூடத் தோன்றுகிறது. தளபதி தவுர் மாத்தான் ருவாக் தன் ஆட்களைப் பிடித்து நிறுத்தினார். 24 ஆண்டு சண்டையில் அவர்கள் செய்த மிகக் கடினமான காரியம் சுடாமல் இருந்ததாகத்தான் இருக்கும்.

டிலியின் ஐ.நா. வளாகத்துக்குள் சுவரேறி வந்த அகதிகளை விட்டுவிட்டுப் போக மாட்டோம் என்று ஊழியர்கள் பலர் அங்கேயே தங்கினார்கள். வாஷிங்டன் ராணுவ உறவை நிறுத்தியது, கடன் தரும் நிறுவனங்களும் இறுக்கின. செப்டம்பர் 12-ல் ஹபீபி பன்னாட்டுப் படைக்குச் சம்மதித்தார். 20-ஆம் தேதி ஆஸ்திரேலியா தலைமையில் அந்தப் படை இறங்கியது. அப்புறம் இரண்டரை ஆண்டு ஐ.நா. நிர்வாகம். 2002 மே 20-ல் கிழக்குத் திமோர், திமோர்-லெஸ்தே என்ற பெயரில் தனிநாடானது.

இன்றைக்கு ரமோஸ் ஹோர்ட்டா அதன் குடியரசுத் தலைவர், ஷனானா பிரதமர். 2025 அக்டோபரில் கோலாலம்பூரில் ஆசியானின் 11-ஆவது உறுப்பினராக அந்த நாடு சேர்ந்தபோது இந்தோனேசியாவும் கைதட்டியது. பக்கத்து வீட்டுக்காரனோடு பகை வேண்டாம் என்று ஷனானா எடுத்த முடிவுக்கு விலையும் இருக்கிறது. 1999 கொலைகளுக்காக எந்த இந்தோனேசியத் தளபதியும் இன்றுவரை தண்டனை அனுபவிக்கவில்லை. அந்த ஆண்டுகளில் ராணுவத்தினர் இந்தோனேசியாவுக்குக் கொண்டுபோன ஆயிரக்கணக்கான குழந்தைகளில் சிலர், நடுத்தர வயதில், இப்போதுதான் தாய் வீட்டைத் தேடி வருகிறார்கள்.

டிலியில் இறங்கும் விமான நிலையத்துக்கு நிக்கோலா லோபாட்டோவின் பெயர். 1978-ல் அவருடைய உடலை இந்தோனேசிய ராணுவம் டிலிக்குக் கொண்டுவந்தது. எங்கே புதைத்தார்கள் என்று அவருடைய குடும்பத்துக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை.